'பானி' என்றாலும் தண்ணீர்தான்

மதுரையைத் தமிழ் வளர்த்த நகரம் என்று உலகம் புகழுகிறது. சங்கம் இருந்து தமிழ் ஆராய்ந்த ஊர் என்று நாமும் பெருமை கொள்ளுகிறோம். அந்தப் பெருமையில் குன்றிமணி அளவும் குறைக்க நமக்கு விருப்பமில்லை. ஆயினும், அந்த நகரத்தில் விடியற்காலையில் நா வறண்டு விழித்துக் கொள்ளும் குழந்தைகள் எல்லாம் "தண்ணீர்" என்றுதான் கேட்கின்றன என்று நேயர்கள் எண்ணுவார்களானால், அது சரியன்று.

முனிச்சாலைப் பக்கத்துச் சௌராஷ்டிர நெசவாளர் வீட்டுக் குழந்தை "பானி" என்று கேட்கும். உருது பேசும் முஸ்லிம் வீட்டுக் குழந்தையும் "பானி" என்றே கேட்கும். தூய்மைப் பணியாளர் குடியிருப்பில் தெலுங்கு பேசும் வீட்டுக் குழந்தைக்கு வேண்டியது "நீள்ளு". கன்னடம் பேசும் வீட்டில் அதுவே "நீரு". நகரத்துக்குக் கிழக்கே சக்கிமங்கலத்தில் வாழும் நரிக்குறவர் வீடுகளில் 'வாக்ரிபோலி' என்னும் தனி மொழி வழங்குகிறது. கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வடக்கேயிருந்து வந்த குடும்பங்களின் குழந்தைகள் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் தாயாரைக் கூப்பிடுகின்றன. ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் பேசப்படுவது தமிழேயானாலும், அதன் ஓசையும் பல சொற்களும் மதுரைக்குப் புதியவை. மதுரைத் தமிழிலேதான் என்ன, உசிலம்பட்டிப் பேச்சு ஒன்று, மேலூர்ப் பேச்சு ஒன்று, மாசி வீதிப் பேச்சு மற்றொன்று.

இவ்வளவு குழந்தைகளும் மூன்றாவது வயதில் ஒரே விதமான வாசற்படியைத் தாண்டி உள்ளே வருகின்றன. அங்கன்வாடி என்றாலும் சரி, நர்ஸரி வகுப்பு என்றாலும் சரி, அங்கே ஓர் உபாத்தியாயினி இருக்கிறார். சுவரில் 'அ - அம்மா, ஆ - ஆடு' என்று படம் மாட்டியிருக்கிறது. குழந்தை மூன்று வருஷமாக வீட்டில் சேர்த்து வைத்த சொற்கள், பாட்டுக்கள், கதைகள் எல்லாம் செருப்போடு செருப்பாக வாசலில் தங்கி விடுகின்றன. அவற்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே வரலாம் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

இதன் பலன் என்ன? குழந்தை பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. தாகம் எடுத்தால் கேட்கத் தெரியவில்லை. வயிற்றை வலித்தால் சொல்லத் தெரியவில்லை. பாவாடை நனைந்த பிறகு அழுகிறது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இது கொஞ்சம் மந்தம்" என்று முடிவு கட்டி விடுகிறோம். தாயாரிடமும் சொல்லி விடுகிறோம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பி விடுகிறாள். ஆறாம் வயதில் முதல் வகுப்புக்குப் போகும்போது, சிலேட்டுப் பலகையோடு அந்தப் பட்டமும் கூடவே போகிறது. அதே குழந்தை சாயங்காலத்தில் தறிக்கு அருகில் உட்கார்ந்து பாட்டியிடம் ஆயிரம் கேள்வி கேட்டுத் துளைத்தெடுப்பதை ஒரு நாள் பார்த்திருந்தால், அந்த உபாத்தியாயினி அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆகவே, இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் விஷயம் இது: சிறு குழந்தைகளின் வகுப்பு, குழந்தையின் வீட்டைத் தெரிந்துகொண்டு நடக்க வேண்டுமா, வீட்டை மறக்கச் செய்து நடக்க வேண்டுமா? அமெரிக்காவில் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் என்னும் அம்மையார் 1995-ஆம் வருஷத்தில் இதைப் பற்றி எழுதினார்; அதன் பிறகு இது ஒரு தனிச் சாஸ்திரமாகவே அங்கே வளர்ந்திருக்கிறது. ஆனால் அதற்கு எழுபத்தைந்து வருஷங்களுக்கு முன்பே நம் தேசத்தில் இதைச் செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. அவருடைய ஊருக்கும் மதுரைக்கும் ஒரு பழைய பந்தமும் இருக்கிறது.

மீசை வைத்த தாயார்

மதுரைச் சௌராஷ்டிரர்களின் முன்னோர்கள் மேற்குக் கடலோரத்துச் சௌராஷ்டிர நாட்டை விட்டுப் புறப்பட்டு, வழியில் பல ராஜ்யங்களில் தலைமுறை தலைமுறையாகத் தங்கி, நாயக்க மன்னர்கள் காலத்தில் மதுரையை அடைந்தார்கள் என்பது அவர்களுடைய மரபு. பட்டும் பருத்தியும் நெய்து, சுங்குடிச் சேலைக்குச் சாயம் தோய்த்து, நகரத்தின் செல்வத்தைப் பெருக்கினார்கள். பாஷையை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. அதற்கென்று ஓர் எழுத்தும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராமராய் என்னும் பண்டிதர் அந்த எழுத்தைச் செப்பம் செய்து, குழந்தைகளுக்கான பாட புத்தகங்களையும் அச்சிட்டார். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 2 லட்சத்து 47 ஆயிரம் பேர். 2008-ல் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான யூனிகோடு வரிசையிலும் அந்த எழுத்துக்கு இடம் கிடைத்து விட்டது. இன்னும் இடம் கிடைக்க வேண்டியது மூன்று வயதுக் குழந்தையின் வகுப்பிலேதான்.

இவர்கள் விட்டு வந்ததாகச் சொல்லும் அதே சௌராஷ்டிரத் தீபகற்பத்தில் பாவநகர் இருக்கிறது. கிஜுபாய் பதேகா என்பவர் முதலில் வக்கீலாகத் தொழில் நடத்தி வந்தார். தம் மகனை எப்படி வளர்ப்பது என்று யோசிக்கத் தொடங்கிய அவருக்கு மாண்டிசோரி அம்மையாரின் கொள்கைகள் அறிமுகமாயின. வக்கீல் தொழிலை விட்டார். 1920-ல் பாவநகரில் தக்ஷிணாமூர்த்தி பால மந்திரத்தைத் தொடங்கினார்.

ரோமாபுரியில் பிறந்த முறையை அவர் அப்படியே பெயர்த்துக் கொண்டு வந்து நட்டுவிடவில்லை. குழந்தை தானே தொட்டு, தானே செய்து கற்க வேண்டும் என்ற கொள்கையை எடுத்துக் கொண்டார். பாட்டும் கதையும் விளையாட்டும் குஜராத்தி வீடுகளிலிருந்து வர வேண்டும் என்று வைத்தார். பாட்டிமார்கள் சொல்லும் கதைகளைச் சேகரித்தார்; தெருவில் குழந்தைகள் பாடும் பாட்டுக்களை வகுப்புக்குள் கொண்டு வந்தார். 'திவாஸ்வப்னம்' என்ற அவருடைய புத்தகத்தில் வரும் உபாத்தியாயர் தொடக்கத்தில் பாட புத்தகத்தைத் திறப்பதில்லை. கதை சொல்லத் தொடங்குகிறார். கதை கேட்கும் ஆசையினாலேயே குழந்தைகள் அடங்கி உட்காருகின்றன. அந்த ஆசையே பிறகு அவற்றைப் புத்தகத்துக்கு அழைத்துச் செல்லுகிறது. ஜனங்கள் கிஜுபாய்க்கு 'மீசை வைத்த தாயார்' என்று பெயர் சூட்டினார்கள். ஓர் உபாத்தியாயருக்கு இதைவிடப் பெரிய பட்டம் எந்தச் சர்வகலாசாலையும் கொடுத்துவிட முடியாது.

கிஜுபாய் 1939-ல் காலமானார். அதே வருஷத்தில் மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். யுத்த காலத்தில் அவர் இத்தாலியப் பிரஜை என்ற காரணத்தால் ஊருக்குத் திரும்ப முடியாமல் நம் நாட்டிலேயே தங்க நேர்ந்தது. அப்பொழுது சில காலம் வசித்த இடம், அந்நாளில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த கோடைக்கானல். அங்கே மலைச் சரிவுகளிலுள்ள செடி, கொடி, பூச்சி, பறவை ஆகியவற்றையே பாடமாக வைத்துக் குழந்தைகளோடு அவர் செய்த சோதனைகளிலிருந்து, பிரபஞ்சக் கல்வி என்று அவர் பிற்காலத்தில் விரித்துரைத்த முறை உருவாயிற்று. குழந்தையின் கண்ணெதிரே இருப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அவரும் இங்கே செய்து பார்த்தார்.

கிஜுபாயின் தோழராகப் பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையார் இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1945-ல் பம்பாய்க்கு வடக்கே போர்டி என்னும் கடற்கரைக் கிராமத்தில், அனுதாய் வாக் அம்மையாரைத் துணையாகக் கொண்டு அவர் வேலை தொடங்கினார். பழங்குடிக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. "வரவில்லையே!" என்று அவர்களைக் குறை கூறாமல், பள்ளியையே அவர்களுடைய குடிசை முற்றத்துக்குக் கொண்டு போனார். 'அங்கன்' என்றால் முற்றம். முற்றத்தில் நடந்த அந்தப் பள்ளிதான் 'அங்கன்வாடி'. 1975-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, மத்திய சர்க்கார் குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அந்தப் பெயரே தேசம் முழுவதும் பரவிற்று. இன்று தமிழ்நாட்டில் சுமார் 54,000 அங்கன்வாடிகள் இருக்கின்றன. வீட்டு முற்றம் என்று பெயர் வைத்த இடத்தில் வீட்டுப் பேச்சுக்கு இடமில்லாமற் போவது எவ்வளவு விபரீதம்!

வீட்டைக் குற்றமாகக் கருதிய பள்ளி

கிஜுபாய் பாவநகரில் பால மந்திரம் தொடங்கிய அதே 1920-ஆம் வருஷத்தில், ஏப்ரல் 3-ஆம் தேதி, மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. 1911-ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள மறுத்த பிரமலைக் கள்ளர் ஜனங்கள் மீது போலீஸார் சுட்டார்கள். பிறந்த குலத்தைக் கொண்டே ஒருவனைக் குற்றவாளி என்று தீர்மானித்த சட்டம் அது.

அந்தச் சட்டத்தை நடத்திய அதே சர்க்கார், அதே ஜனங்களின் குழந்தைகளுக்குப் பள்ளிகளையும் திறந்தது. 'கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள்' என்று அவற்றுக்குப் பெயர். அப்பள்ளிகளால் விளைந்த நன்மையை நாம் மறுக்க மாட்டோம். எழுத்து வாசனை எட்டாத கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அங்கே படித்து முன்னுக்கு வந்திருக்கிறார்கள். ஆயினும் அந்தப் பெயரைச் சற்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். சீரமைக்க வேண்டியது எது? குழந்தையின் வீடு, அதன் தகப்பன், பாட்டன், அவர்கள் பேசும் பேச்சு. பள்ளிக்கூடத்தின் ஒவ்வொரு மணியோசையும் "உன் வீடு தவறு" என்று அந்தக் குழந்தையின் காதில் சொல்லுவதற்கே ஏற்பட்டதுபோல் அந்தப் பெயர் அமைந்திருக்கிறது.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல் ஒழிந்தது. எண்ணம் மட்டும் அவ்வளவு சீக்கிரத்தில் ஒழிவதில்லை. இன்றைக்கும், "சோறு" என்று சொல்லும் குழந்தையைப் பார்த்து, "சாதம் என்று சொல்லு" என்று திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சோறு நல்ல தமிழ்; பழைய நூல்களில் பயின்று வரும் சொல். அதில் இலக்கணப் பிழை ஒன்றும் கிடையாது. பின் எதைத் திருத்துகிறோம்? குழந்தையின் தாயைத் திருத்துகிறோம். மூன்று வயதுக் குழந்தைக்கு வார்த்தையின் பொருள் தெரியாவிட்டாலும் முகத்தின் பொருள் நன்றாகத் தெரியும்.

மூன்று ஆட்சேபங்கள்

இதற்குச் சிலர் ஆட்சேபம் சொல்லக் கூடும். முதலாவது ஆட்சேபம்: "வீட்டு மொழிக்கு இடம் கொடுத்தால் தமிழ் கெட்டுப் போகாதா?" என்பது. தமிழ்நாட்டில் பிறந்த குழந்தை ஒவ்வொன்றும் நல்ல தமிழ் கற்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயமே இல்லை. ஆனால் வீட்டில் வேறு மொழி பேசியதால் தமிழ் குறைந்துவிடும் என்பதை மதுரைக்காரர்கள் யாரும் நம்ப வேண்டியதில்லை. தமிழ் எழுத்துக்கள் ஒவ்வொன்றும் பிசகாமல் ஒலிக்கப் பாடியவர் என்று ஊரெல்லாம் கொண்டாடிய ஸ்ரீ டி. எம். சௌந்தரராஜன் மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். 'காதுகள்' என்னும் நாவலுக்காக 1993-ல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற கும்பகோணம் ஸ்ரீ எம். வி. வெங்கட்ராமும் அந்த மொழியையே வீட்டு மொழியாகக் கொண்டவர். மதுரைக் கோயிலில் 1939-ஆம் வருஷம் ஜூலை 8-ஆம் தேதி ஹரிஜனங்களை அழைத்துக்கொண்டு ஸ்ரீ வைத்தியநாதய்யர் ஆலயப் பிரவேசம் செய்தபோது அந்த முயற்சிக்குத் துணை நின்றவரும், 'மதுரை காந்தி' என்று பெயர் பெற்றவருமான ஸ்ரீ என். எம். ஆர். சுப்பராமனும் சௌராஷ்டிரரே. தமிழுக்கும் தேசத்துக்கும் இவர்களால் நஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை.

கல்வி நூலார் கண்ட முடிவும் இதுவே. 1953-ல் ஐக்கிய நாடுகளின் கல்வி ஸ்தாபனமான யுனெஸ்கோ, குழந்தை முதன்முதலில் கற்க ஏற்றது தாய்மொழியே என்று அறிக்கை வெளியிட்டது. 1956-ல் நம் அரசியல் சட்டத்தில் 350-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியில் தாய்மொழி வசதி செய்து தர முயல வேண்டும் என்று அது ராஜ்யங்களுக்குச் சொல்லுகிறது. ஒடிசா ராஜ்யம் 2007-ல் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடங்கி, பின்னர் இருபத்தொன்று வரையில் விரித்தது. அந்த வகுப்புக்களில் குழந்தை தன் மொழியில் எழுதப் படிக்கத் தொடங்கி, படிப்படியாக ஒடியாவுக்குச் செல்லுகிறது. ஒரு மொழியில் 'பெரிது, சிறிது', 'முன்னே, பின்னே', 'ஏன், எதனால்' என்பவற்றை நன்றாக அறிந்த குழந்தை, இன்னொரு மொழியில் அவற்றுக்குப் பெயரை மட்டும் கற்றால் போதும். அவற்றை எந்த மொழியிலும் அறியாத குழந்தையோ பெயரையும் கற்க வேண்டும், பொருளையும் கற்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது: "வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஜாதியைப் பற்றிப் பேச வேண்டி வருமே?" என்பது. இந்த எச்சரிக்கை அவசியமே. ஒரு குழந்தையைச் சுட்டிக் காட்டி, "இவர்கள் வீட்டில் இப்படித்தான்" என்று வகுப்பில் சொல்லுவது கொடுமை. நெசவாளர் பிள்ளைக்கு நூலையும் தூய்மைப் பணியாளர் பிள்ளைக்குத் துடைப்பத்தையும் காட்டி, "உன் வீட்டுப் பாடம் இது" என்பதோ மகா பாபம். நாம் சொல்லுவது அதுவன்று. ஒரு வீட்டில் உள்ள அறிவு வகுப்பிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுச் சொத்தாக வேண்டும். ஒரு சௌராஷ்டிரப் பாட்டி சொல்லும் கதையைத் தெலுங்குக் குழந்தையும் தமிழ்க் குழந்தையும் சேர்ந்து கேட்க வேண்டும். அடையாளம் ஒட்டுவது வேறு. இடம் கொடுப்பது வேறு. இந்த வித்தியாசத்தை உபாத்தியாயினிக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம்: "ஓர் உபாத்தியாயினி எத்தனை மொழிதான் கற்பார்?" என்பது. நாம் அவரைப் பஹுபாஷா பண்டிதை ஆகச் சொல்லவில்லை. அங்கன்வாடிப் பணியாளர் அந்தந்தக் கிராமத்தை அல்லது வட்டாரத்தைச் சேர்ந்த பெண்ணாக இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் தொடக்கத்திலிருந்தே உள்ள கருத்து. அந்தத் தெரு மொழி அவருக்கோ உதவியாளருக்கோ பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். தெரிந்ததை வகுப்பில் பேசலாமா என்ற கூச்சம்தான் தடை. "பேசலாம், அதுவும் உங்கள் வேலையைச் சேர்ந்ததே" என்று மேலதிகாரிகள் ஒரு வார்த்தை சொன்னால் பாதிக் காரியம் முடிந்தது. 2013-ல் வெளியான தேசியக் குழந்தைக் கல்விக் கொள்கையிலும் வீட்டு மொழியே முதன்மையாகக் கூறப்பட்டிருப்பதால், அப்படிச் சொல்லுவதற்கு அவர்கள் யாருக்கும் பயப்பட வேண்டியதுமில்லை.

செய்யத் தக்கவை

பணச் செலவில்லாமல் செய்யக் கூடிய சில காரியங்களை இங்கே குறிப்பிடுகிறோம்.

குழந்தை சேரும் நாளில் தாயாரிடம் இருபது வார்த்தைகளைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தண்ணீர், பசி, சோறு, வயிற்று வலி, தூக்கம், பயம், ஒன்றுக்குப் போக வேண்டும், அம்மா எங்கே, இவற்றை வீட்டில் எப்படிச் சொல்லுவீர்கள் என்று கேட்டால் போதும். தமிழ் எழுத்திலேயே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம். குழந்தையின் பெயரையும் தாய் அழைக்கிறபடியே அழைக்க வேண்டும். வாயில் நுழையவில்லை என்று நமக்குத் தோன்றிய ஒரு பெயரைச் சூட்டிவிட நமக்கு அதிகாரமில்லை.

சுவரில் உள்ள 'அ' படத்தை எடுக்க வேண்டாம். அதன் கீழே இன்னும் மூன்று சொற்களை எழுதினால் போதும். தமிழ்க் குழந்தையின் அம்மா, சௌராஷ்டிரக் குழந்தையின் 'அம்பா', உருதுக் குழந்தையின் 'அம்மீ', தெலுங்குக் குழந்தையின் 'அம்ம', நால்வருமே அகரத்தில் தொடங்குகிறவர்கள். தமிழ் எழுத்தின் முதல் எழுத்தை, ஒவ்வொரு குழந்தையும் தன் தாயைக் கொண்டே கற்றுக்கொள்ளும்.

எண்ணுவதற்கு மதுரையில் பொருளா இல்லை? சுங்குடிச் சேலைக்கு நெருக்கமாக முடிச்சுப் போடும் பெண்மணி ஒருவர் ஒரு துண்டுத் துணியோடு வந்தால், பத்துப் பத்தாக முடிச்சை எண்ணலாம். சாயத்தில் தோய்த்து அவிழ்த்தால் எத்தனை முடிச்சோ அத்தனை புள்ளி என்று குழந்தைகளே கண்டுபிடிக்கும். மதுரை மல்லிகையை முழம் போட்டு அளப்பதிலே நீளம் என்பது விளங்கிவிடும். மாண்டிசோரி அம்மையார் கணக்குக் கற்பிப்பதற்காக மணிக்கோவைகளை வகுத்தார். உயர்ந்த பள்ளிகள் அவற்றைப் பணம் கொடுத்து வாங்குகின்றன. சக்கிமங்கலத்து நரிக்குறவத் தாய் ஊசிமணி பாசிமணியைத் தினந்தோறும் நிறம் பார்த்து, எண்ணிக்கை பார்த்துக் கோக்கிறாள். அவளை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தால், அவள் குழந்தை அன்றைக்கு எப்படி நிமிர்ந்து உட்காரும் என்று நாம் சொல்ல வேண்டுமா? திருவிழாக்களுக்கு மணி விற்கக் குடும்பத்தோடு அது போய்த் திரும்பும் நாட்களில் பெயரை அடித்துவிடாமல் வைத்திருப்பதும் உபாத்தியாயினி செய்யக் கூடிய உபகாரமே.

வாரம் ஒரு நாள் பாட்டி கதை. மொழி எதுவானாலும் சரி. பாட்டி ஒரு வாக்கியம் சொல்ல, உதவியாளர் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லலாம். நரி நரிதான், காக்கை காக்கைதான். கதையின் வழியாகவே அந்த வீட்டுக் குழந்தைக்குத் தமிழும் மற்றவர்களுக்கு அந்த மொழியும் இரண்டொரு வார்த்தை வந்துவிடும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதையும், ரம்ஜான் பிறையையும், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தையும் அந்தந்த வீட்டுக் குழந்தையே மற்றவர்களுக்குச் சொல்லட்டும். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று அழகான பெயரில் பாடத் திட்டம் ஏற்பட்டிருக்கிறது. பாப்பா தன் பாட்டையும் பாடினால் அந்தப் பெயர் இன்னும் பொருந்தும்.

நம் வீட்டுப் பாப்பா

இதுவரை படித்த நேயர்கள், "சௌராஷ்டிர வீதிக்கும் சக்கிமங்கலத்துக்கும் சொல்ல வேண்டிய விஷயம் இது, நமக்கென்ன?" என்று பத்திரிகையைப் புரட்டிவிடக் கூடாது. நம்மில் பல பேர் மூன்று வயதுக் குழந்தையை எந்த மொழிப் பள்ளியில் சேர்க்கிறோம் என்று யோசிக்க வேண்டும். வீட்டில் தமிழே கேட்டு வளர்ந்த குழந்தையை, 'வாட்டர்' என்று சொன்னால்தான் தண்ணீர் கொடுக்கும் வகுப்பில் கொண்டு போய் விடுகிறோம். தமிழில் பேசினால் அபராதம் என்ற விதியையும் கேட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டு வருகிறோம். அந்த வகுப்பில் நம் குழந்தை இருக்கும் நிலைமையும், தமிழ் வகுப்பில் முனிச்சாலைக் குழந்தை இருக்கும் நிலைமையும் ஒன்றே. ஆங்கிலம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. காலத்தில் அது நன்றாக வரட்டும். சொந்த வாயை அடைத்துத்தான் பிற மொழியைப் புகட்ட வேண்டும் என்ற கொள்கையைத்தான் வேண்டாம் என்கிறோம். 1937-ல் வார்தாவில் தாய்மொழி வழியாகவே ஆதாரக் கல்வி நடக்க வேண்டும் என்று மகாத்மா காந்தி வற்புறுத்தியது ஏழைக் குழந்தைகளை மட்டும் நினைத்தல்ல.

1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி, மதுரைச் சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. பசித்த வயிற்றோடு குழந்தை படிக்க முடியாது என்பதை நம் நாடு ஒப்புக்கொண்டு, அதற்காகச் செலவும் செய்கிறது. பூட்டிய வாயோடும் குழந்தை படிக்க முடியாது. இதற்குச் செலவு அதிகமில்லை, ஆட்கள்தான் வேண்டும். நேயர்கள் வசிக்கும் தெருவிலோ அடுத்த தெருவிலோ ஓர் அங்கன்வாடி இருக்கும். வீட்டிலே கதை சொல்லத் தெரிந்த பாட்டி ஒருவரும் இருப்பார். உபாத்தியாயினியிடம் அநுமதி கேட்டுக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் அந்தப் பாட்டியை அங்கே அழைத்துச் செல்லலாம். போகிறவர்கள், அங்கே எந்தக் குழந்தை வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து, அதன் வீட்டில் தண்ணீருக்கு என்ன பெயர் என்று விசாரித்து, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துப் பார்க்கட்டும். பிறகு அந்தக் குழந்தை பேசுகிறதா இல்லையா என்பதை நமக்கு எழுதினால், இந்தப் பகுதியில் சந்தோஷத்துடன் வெளியிடுவோம்.